உங்கள் மனு மாமன்றத்தில் 'பொருள்' ஆவது எப்படி?

சென்னை மாநகராட்சியின் மாமன்றம் வழக்கமாக மாதம் ஒரு முறை ரிப்பன் மாளிகையில் கூடுகிறது. வார்டுக்கு ஒருவராக 200 உறுப்பினர்கள். மேயர் தலைமை வகிக்க, ஆணையர் உடனிருப்பார். கேள்வி நேரத்திலும், முன்னறிவிப்பு இல்லாமல் பேசும் நேரமில்லா நேரத்திலும் உறுப்பினர்கள் எழுந்து தங்கள் வார்டின் குப்பை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு என்று அடுக்குவார்கள். "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வரும். அதன் பிறகு அஜெண்டாவில் உள்ள ஒவ்வொரு விஷயத்தையும், அதாவது ஒவ்வொரு 'பொருளை'யும், எண் சொல்லி வாசித்து, பல பத்துத் தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறும். பல பொருள்கள் விவாதமே இல்லாமல் முடிந்துவிடும்.

"எங்க கவுன்சிலர் மன்றத்துலயே பேசிட்டார், ஆனாலும் ஒண்ணும் நடக்கல" என்று மக்கள் புலம்புவது இந்த இரண்டு பகுதிகளையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான். பேச்சு நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகும், அவ்வளவே. பணம் ஒதுக்குவது, கட்டணம் விதிப்பது, விதி போடுவது எல்லாம் பெரும்பாலும் தீர்மானத்தால்தான் நடக்கும். தீர்மானம் வர வேண்டுமானால் விஷயம் முதலில் அஜெண்டாவில் ஒரு எண்ணோடு ஏற வேண்டும். ஒரு குறையை அந்த எண் வரைக்கும் எப்படிக் கொண்டுபோவது, எந்தக் குறைக்கு அந்த எண்ணே தேவையில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். சென்னையை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், மற்ற மாநகராட்சிகளுக்கும் நகர்மன்றம், பேரூராட்சி மன்றங்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். 2023 ஏப்ரல் 13 முதல் எல்லாமே தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 என்ற ஒரே சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அதற்கு முன் சென்னைக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டம், நகராட்சிகளுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம், மதுரைக்கும் கோவைக்கும் தனித்தனிச் சட்டங்கள் என்று இருந்தது.

முதலில் குறையைத் தரம் பிரியுங்கள்

குறைகள் மூன்று வகை: அன்றாட வேலை, பணம் கேட்கும் பணி, விதி. எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, அடைத்துக்கொண்ட வடிகால் இவையெல்லாம் ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ஒருவர் ஏற்கெனவே செய்ய வேண்டிய வேலை. இதற்கு மன்றம் தேவையே இல்லை. 1913 என்ற எண்ணில் பதிவு செய்து புகார் எண் வாங்கினால் போதும். (ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913-தான். அதனால் எண் மறக்காது.) விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் ஆள் நேராக அந்தக் கம்பத்துக்கு வருவார். "பிள்ளையார் கோயில் பக்கத்துல" என்று மட்டும் சொன்னால் வார்டில் நாலு பிள்ளையார் கோயில் இருக்கும்.

வேலை நடக்காமலே "தீர்வு காணப்பட்டது" என்று புகாரை மூடிவிடுவதும் உண்டு. அப்போது புதிய புகார் போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழைய எண்ணைக் குறிப்பிட்டு, அன்றைய தேதியில் எடுத்த படத்தோடு மண்டல அலுவலருக்கு எழுதுவதுதான் சரி. ஒரே இடத்துக்கு மூன்று முறை மூடப்பட்ட புகார் எண்களை வரிசையாகக் காட்டும் ஒரு தாள், முப்பது பேர் கையெழுத்திட்ட பொதுவான மனுவைவிட வலுவானது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: இது மாநகராட்சியின் வேலைதானா? சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978-இல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பெரிய சாலைகள் சில மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. மின்கம்பி மின்வாரியத்துடையது. பெரிய கட்டடங்களுக்கான திட்ட அனுமதி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம். தெருவில் நாற்றமடிக்கும் தண்ணீர் நிற்கிறது என்றால் பல நேரம் கழிவுநீர்க் குழாயை யாரோ மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்திருப்பார்கள். வாரியம் மாநகராட்சியைக் கைகாட்டும், மாநகராட்சி வாரியத்தைக் கைகாட்டும். இந்த மாதிரி விஷயத்தில் இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் ஒரே மனுவைக் கொடுத்து, வார்டு உதவிப் பொறியாளரும் வாரியப் பொறியாளரும் ஒன்றாக வந்து பார்க்கக் கூட்டு ஆய்வு கேட்க வேண்டும். வடிகாலில் எந்த வீட்டுக் குழாய் வந்து விழுகிறது என்று இருவரும் ஒன்றாகக் குனிந்து பார்த்த பிறகு தட்டிக் கழிக்க முடியாது.

பணி: பணம் கேட்கும் குறை

வடிகாலே இல்லாத தெரு, பூங்கா, சாலை மறுசீரமைப்பு போன்றவற்றுக்குப் பணம் வேண்டும், ஆகவே அனுமதி வேண்டும். கோப்பு போகும் பாதை ஏறத்தாழ இதுதான்: உதவிப் பொறியாளர் அளந்து மதிப்பீடு தயாரிப்பார், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று அடுத்தடுத்து நகரும். தொகையின் அளவைப் பொறுத்து அனுமதி மண்டல அளவிலோ, ஆணையரிடமோ, துறைவாரியாகக் கவுன்சிலர்கள் அமர்ந்திருக்கும் நிலைக்குழுவிலோ, மாமன்றத்திலோ கிடைக்கும். மிகப் பெரிய தொகை என்றால் அரசுக்கே போகும்.

இந்தப் பாதையில் மனு செத்துப்போவது பெரும்பாலும் முதல் படியில்தான். மதிப்பீடு போடாத வரை அங்கே கோப்பு என்று ஒன்று பிறக்கவேயில்லை. ஆகவே மனுவில் கேட்க வேண்டியது "சாலை போட்டுத் தாருங்கள்" அல்ல. தெருவின் பெயர், வார்டு எண், எந்தக் குறுக்குத் தெருவிலிருந்து எது வரை, எத்தனை மீட்டர் என்று எழுதி, "மதிப்பீடு தயாரித்து அதன் எண்ணைத் தெரிவிக்கவும்" என்று கேளுங்கள். சாலை என்றால் இன்னொரு வரி அவசியம்: பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் 'மில்லிங்' என்பது இதைத்தான். இதைச் செய்யாமல் மேலே மேலே போட்டதால்தான் பழைய தெருக்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்துபோய், மழைக்குத் தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது. எத்தனை மில்லிமீட்டர் சுரண்ட வேண்டும் என்று மதிப்பீட்டில் இருக்கும். வேலை நடக்கும் நாளில் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் அளவுகோலோடு நிற்பவரிடம் யாரும் வாதாடுவதில்லை.

காலமும் முக்கியம். மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். அதில் இடம்பெற வேண்டிய பெரிய கோரிக்கை நவம்பர், டிசம்பரிலேயே மண்டலத்துக்குப் போயிருக்க வேண்டும். மார்ச்சில் கொடுத்தால் அடுத்த ஆண்டுக்குத்தான். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சாலை வெட்டும் வேலைகளை நிறுத்திவிடுவார்கள். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தால் புதிய பணி அறிவிப்புகளும் நிற்கும். அந்த மாதங்களில் கவுன்சிலரைத் திட்டிப் பயனில்லை.

விதி: மாடும் நாயும் கற்றுத்தரும் பாடம்

மூன்றாவது வகைதான் பலருக்கும் புரியாதது. ஊரில் யார் எதைச் செய்யலாம், செய்யாவிட்டால் எவ்வளவு அபராதம் என்று சொல்லும் உள்ளூர் விதிகளைத் துணை விதிகள் என்கிறோம். மன்றத்துக்கு இதைப் போட அதிகாரம் உண்டு. ஆனால் தாய்ச் சட்டத்துக்குள் மட்டுமே. மாநிலச் சட்டம், மத்திய விதி, நீதிமன்ற உத்தரவு எதற்கும் எதிராகப் போக முடியாது. போனால் அரசே தீர்மானத்தை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

துணை விதி பிறக்கும் வழக்கமான முறை: துறை வரைவு எழுதும். நிலைக்குழு பார்க்கும். மன்றம் ஏற்கும். வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபணை, ஆலோசனை கேட்பார்கள். வந்தவற்றைப் பரிசீலித்துத் திருத்தி, அரசின் ஒப்புதலுக்கு அனுப்புவார்கள். அரசிதழில் வெளியான பிறகுதான் அமல். வெறும் அபராதத் தொகையை மாற்றுவதென்றால், ஏற்கெனவே விதி இருக்கும்பட்சத்தில் தீர்மானத்தோடு முடிந்துவிடும்.

தெருவில் திரியும் மாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நகர்ப்பகுதிகளில் கால்நடை வளர்க்க உரிமம் தேவை என்ற மாநிலச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. பிடித்த மாட்டை அடைக்கப் புதுப்பேட்டையிலும் பெரம்பூரிலும் தொழுவங்கள் உண்டு. முதியவர்களையும் குழந்தைகளையும் மாடு முட்டிய செய்திகள் அடுத்தடுத்து வர, 2024 ஜூலையில் சென்னை மாமன்றம் அபராதத்தை உயர்த்தியது: முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 15,000. தீர்மானம் சுலபமாக நிறைவேறியது. ஆனால் கட்டிப்போட இடமில்லாத சிறு வளர்ப்பாளர், கறவை முடிந்ததும் மாட்டை மேய விட்டே தீருவார், ஏனென்றால் சென்னையில் மேய்ச்சல் நிலம் என்று ஒன்று கிடையாது. அபராதம் கட்டி மீட்ட மாடு மறுபடி அதே தெருவுக்குத்தான் வரும். அதனால்தான் மாநகராட்சி பின்னர் மண்டலங்களில் மாட்டுக் கொட்டகைகள் கட்டும் வேலையில் இறங்கியது. தொகையை மட்டும் உயர்த்திவிட்டு, விதியைக் கடைப்பிடிக்க வழி செய்து தராத எந்தத் தீர்மானமும் இப்படித்தான் நொண்டும்.

2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று வந்தபோதும் இதே கதை. கடைசித் தேதி நெருங்கியதும் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் கூட்டம் அலைமோதியது. கெடு ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போனது. ஒரு வரைவு விதிக்கு ஆட்சேபணை எழுதும்போது இதைத்தான் கேட்க வேண்டும்: எத்தனை மையங்கள், நாளொன்றுக்கு எத்தனை பேரைப் பார்க்க முடியும், கெடுவுக்குள் அது போதுமா? "இந்த விதி மக்கள் விரோதமானது" என்று எழுதினால் கோப்பில் சேரும். கணக்கு கேட்டு எழுதினால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

தெருநாய் விஷயத்தில் மன்றத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது. "எங்க தெரு நாய்களையெல்லாம் பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்று தீர்மானம் போடக் கேட்டு மனு எழுதுபவர்கள் ஏராளம். விலங்குகள் கருத்தடை விதிகள், 2023-ன்படி நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல், வெறிநோய் உள்ள, ஆவேசமான நாய்களை மட்டும் விதிவிலக்காக்கியதுடன், உணவிடத் தனி இடங்களை உள்ளாட்சிகள் ஒதுக்க வேண்டும் என்றது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. ஆகவே மன்றத்திடம் கேட்கக் கூடியது வேறு: எங்கள் வார்டில் கருத்தடை எந்த மாதம், உணவிடும் இடம் எது, அரசுப் பள்ளி வளாகத்துக்கு வேலி எப்போது. இந்த மூன்றுக்கும் மாநகராட்சி பதில் சொல்ல முடியும்.

மேலிருந்து வரும் தீர்மானங்கள்

மன்றம் நிறைவேற்றும் எல்லாமே மன்றம் நினைத்து எழுந்தவை அல்ல. திடக்கழிவு மேலாண்மை விதிகளை மத்திய அரசு 2016-இல் வெளியிட்டு, ஓராண்டுக்குள் உள்ளாட்சிகள் தங்கள் துணை விதிகளை வகுக்க வேண்டும் என்றது. சென்னையில் அது 2019-இல்தான் வந்தது. வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத் தருவதும், தராவிட்டால் அபராதமும் அதிலிருந்து வந்தவை.

சொத்து வரி இதற்குப் பெரிய உதாரணம். மத்திய, மாநில நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக் குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெற, வரியின் குறைந்தபட்ச விகிதத்தை நிர்ணயித்து வசூலையும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போட்டது. மாநில அரசு 2022 ஏப்ரலில் உயர்வை அறிவித்தது: சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளில் இவற்றுக்கு முறையே 25, 50, 75, 100. மாமன்றம் தீர்மானம் போட்டது, ஆட்சேபணை கேட்டது, பிறகு இறுதி செய்தது. 2024-இல் வந்த 6 சதவீத உயர்வும் இந்த நிபந்தனையின் தொடர்ச்சியே. மன்றத்தில் வெளிநடப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் விளைவு பெரிதாக மாறியிருக்காது. இது கசப்பான உண்மைதான். ஆனால் தெரிந்துகொண்டால் சக்தி வீணாகாது. விகிதத்தை எதிர்த்து எழுதுவதைவிட, உங்கள் கட்டடத்தின் பரப்பளவைத் தவறாக அளந்திருக்கிறார்களா, குடியிருக்கும் தளத்தை வணிகம் என்று போட்டிருக்கிறார்களா, வரியைக் கணக்கிட எடுத்த தெருவின் அடிப்படை மதிப்பு பக்கத்துத் தெருவைவிட ஏன் கூட என்று வரைபடத்தோடு சீராய்வு கேளுங்கள். குறைவது அங்கேதான்.

பகுதி சபை: வாக்காளர் வாய் திறக்கும் இடம்

மாமன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்வையாளராகப் பார்க்கலாம், எழுந்து பேச முடியாது. பேசுவதற்கென்று இருப்பது பகுதி சபை. கிராம சபை போல நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று வெகுகாலம் கேட்டு, வார்டு குழு மற்றும் பகுதி சபை விதிகள் 2022 ஜூனில் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். சென்னையில் ஒரு வார்டு 10 பகுதிகளாகப் பிரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால் ஒரு பகுதிக்குச் சுமார் 3,300 பேர். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். பகுதி சபைப் பிரதிநிதிகள் வார்டு குழுவில் உட்காருவார்கள். வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர்.

இதன் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். கவுன்சிலருக்கு வேண்டியவர்களே பட்டியலில் வந்தால் கேட்க ஆளில்லை. கூட்டம் என்று, எங்கே என்று முதல் நாள் இரவு வாட்ஸாப்பில் வருவதும், பொன்னாடை போர்த்தி முடிவதும் நடக்கும். சபை சொல்வது பரிந்துரை மட்டுமே, மன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

இருந்தாலும் இதில் ஒரு காகிதம் பிறக்கிறது, அதுதான் பயன். மூன்று கோரிக்கைக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொன்றும் இடம், அளவு, எந்தத் துறை என்ற விவரத்தோடு தனித் தாளில் இருக்கட்டும், இரண்டு பிரதி. ஒன்றில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். பேசியதை நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து போடாதீர்கள். பின்னால் மேலே எதையாவது நிரப்பிக்கொள்ள முடியும். அடுத்த கூட்டத்தின் முதல் கேள்வி, சென்ற கூட்டத்தில் பதிவானது எந்த நிலையில் இருக்கிறது என்பதாக இருக்கட்டும்.

வார்டு குழு பரிந்துரைத்ததை மண்டலக் குழுவுக்கும், அங்கிருந்து நிலைக்குழுவுக்கும் கொண்டுபோவது கவுன்சிலரின் வேலை. அவர் முன்னறிவிப்பு கொடுத்து மன்றத்தில் கேள்வியாகவும் வைக்கலாம். எழுத்தில் கொடுக்கும் கேள்விக்குத் துறை பதில் தயாரித்தாக வேண்டும். அதனால் நேரமில்லா நேரத்தில் ஆவேசமாகப் பேசும் கவுன்சிலரைவிட, கேள்வியை எழுதிக் கொடுக்கும் கவுன்சிலர் உங்களுக்கு அதிகம் உதவுவார்.

தீர்மானம் நிறைவேறிய பிறகு

பொருள் எண்ணும் தீர்மான எண்ணும் தேதியும் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பாதி பதில் வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

"ஏன் வேலை நடக்கவில்லை?" என்று கேட்டால் சட்டப்படி பதில் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அது விளக்கம் கேட்பது. ஆவணம் கேளுங்கள்: தீர்மானத்தின் நகல், மதிப்பீட்டின் நகல், பணி ஆணை, வேலை முடிந்திருந்தால் அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள். பொறியாளர்கள் 'எம்-புக்' என்பது இந்தக் கடைசி ஆவணத்தைத்தான். எந்த நாளில், எத்தனை மீட்டர் நீளம், அகலம், கனம் என்று அளந்து பணம் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். 120 மீட்டர் தெருவுக்கு 150 மீட்டர் என்று எழுதியிருந்தால், டேப்பை எடுத்துத் தெருவை அளந்துவிட்டு, அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து வட்டார துணை ஆணையருக்கு எழுதுங்கள். ஒரு பிரதி கவுன்சிலருக்கும் போகட்டும், அடுத்த கூட்டத்துக்கு அவருக்கும் ஒரு கேள்வி கிடைக்கும்.